ஹெல்முட் வால்காவின் பாக் ஒலிப்பதிவுகள்: வாங்குவதற்கு முன்னும், அந்த ஆர்கன்களைத் தேடிப் போவதற்கு முன்னும்

ஒரே இசையை நான் இரண்டு முறை காசு கொடுத்து வாங்கினேன். முதலில் வந்த பெட்டியைப் பிரித்து, இரவு பதினொரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது, நான் தேடிய ஸ்டீரியோ பதிவு அது இல்லை, பத்து வருடம் முந்தைய மோனோ பதிவு என்று. அட்டையில் அதே பெயர், உள்ளே அதே பாடல் பட்டியல். அடுத்த பார்சல் சுங்கத்தில் ஆறு வாரம் கிடந்தது. ஐரோப்பா போனபோது ஸ்ட்ராஸ்பூரில் தவறான தேவாலயத்தின் வாசலில் ஒரு மதிய நேரம் முழுவதும் காத்திருந்தேன். இதில் எதுவும் உங்களுக்கு நடக்க வேண்டியதில்லை.

ஹெல்முட் வால்கா (1907–1991) ஜெர்மனியின் லைப்சிக்கில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ஃபிராங்க்ஃபர்ட்டில் கழித்த ஆர்கன் கலைஞர். ஆர்கன் என்றால் தேவாலயங்களில் இருக்கும், குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பெரிய வாத்தியம். இளவயதிலேயே பார்வையை முழுதாக இழந்தவர். ஒரே நேரத்தில் ஓடும் மெட்டுகளில் ஒவ்வொன்றையும் 'குரல்' என்பார்கள். யாராவது ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்துக் காட்டுவார்கள். அவர் அதைக் கேட்டு மனதில் வாங்கி, பிறகு மூன்றையோ நான்கையோ தலைக்குள்ளேயே கோத்து எடுப்பார். யோஹான் செபாஸ்டியன் பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் ஆர்கன் இசை மொத்தமும் அவருக்கு இப்படித்தான் பாடம். அவர் வாசிப்பில் எந்தக் குரலும் இன்னொன்றுக்குப் பின்னால் ஒளிவதில்லை என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்தத் தெளிவுக்காகத்தான் இத்தனை மெனக்கெடல்.

1. நான்கு ஊர்ப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். வால்கா பாக்கை ஏறக்குறைய முழுமையாக இரண்டு சுற்று பதிவு செய்தார். இரண்டுமே டாய்ச்ச கிராமஃபோன் என்ற ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆர்கிவ் முத்திரையில் வந்தவை.

முதல் சுற்று, 1947 முதல் 1952 வரை, மோனோ. ஊர்கள்: ஜெர்மனியின் லூபெக், கப்பெல்.

இரண்டாம் சுற்று, 1956 முதல் 1971 வரை, ஸ்டீரியோ. ஊர்கள்: நெதர்லாந்தின் ஆல்க்மார், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்.

ஆர்கன் என்பது தூக்கிக்கொண்டு போகும் வாத்தியம் இல்லை, கட்டடத்தோடு சேர்ந்தது. ஊர் மாறினால் வாத்தியம் மாறியது என்று அர்த்தம். அதனால் விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்த ஊர், எந்த ஆண்டு? அதற்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். "முழுத் தொகுப்பு", "அரிய பதிவு", "புதுப்பிக்கப்பட்டது" என்ற சொற்களை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது.

2. எந்தச் சுற்று உங்களுக்கு வேண்டும்?

முதன்முறை கேட்பவர் என்றால் ஸ்டீரியோ. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆல்க்மார் பதிவுகளில் பெரிய முன்னிசைகள், டொக்காட்டாக்கள் (விரல் வேகம் காட்டும் வடிவம்), ஃபியூகுகள் (ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடரும் வடிவம்), மூன்று குரலில் ஓடும் ஆறு டிரியோ சொனாட்டாக்கள் இருக்கின்றன. ஸ்ட்ராஸ்பூரில் பெரும்பாலும் தேவாலயப் பாடல்களை வைத்து பாக் எழுதிய சிறு சிறு இசைவடிவங்கள். ஆல்க்மாரில் 1956இல் பதிவான 'ஃபியூகின் கலை'தான் ஆர்கிவின் முதல் ஸ்டீரியோ பதிவு.

ஆனால் மோனோவைத் தள்ளிவிடாதீர்கள். கப்பெலில் இருப்பது ஆர்ப் ஷ்னிட்கர் என்ற ஆர்கன் கட்டுநர் 1680இல் ஹாம்பர்க்கில் ஒரு தேவாலயத்துக்குக் கட்டிய ஆர்கன். 1816இல் கடலோரக் கிராமமான கப்பெலுக்கு அதை இடம் மாற்றினார்கள். அங்கே கண்டுகொள்ள ஆளில்லாமல் கிடந்ததே அதற்கு நல்லதாகப் போயிற்று. பழைய குழாய்கள் நிறைய அப்படியே தப்பின. நாற்பது வயதைக் கடந்த வால்கா அதில் வாசித்ததில் ஒரு வேகமும் முரட்டுத்தனமும் உண்டு, பிற்காலத்தில் அது குறைந்துவிட்டது. இரண்டாவது பெட்டியாக இதை வாங்குங்கள்.

மோனோ பெட்டிகள் ஏன் இவ்வளவு மலிவாக, இத்தனை பெயர்களில் கிடைக்கின்றன? 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் 50 ஆண்டுப் பாதுகாப்பு முடிந்துவிட்டது. பிறகு அதை 70 ஆண்டாக நீட்டியபோதும் ஏற்கெனவே முடிந்தவை மீண்டும் பாதுகாப்புக்குள் போகவில்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நான் ஏமாந்ததும் அப்படிப்பட்ட ஒரு பெட்டியில்தான். பதிவு மோசம் என்று சொல்ல முடியாது. அட்டையில் ஆண்டு மட்டும் இல்லை.

இன்னொரு பொறி: வால்கா ஹார்ப்சிகார்டும் (தந்திகளை மீட்டி ஒலிக்கும் பழைய கீபோர்டு வாத்தியம்) வாசித்தவர். பாக்கின் 'நன்கு சுருதி சேர்த்த கீபோர்டு' நூலையும் பார்டிட்டாக்களையும் பதிவு செய்திருக்கிறார். அருமையானவை, ஆனால் ஆர்கன் இல்லை. அதேபோல் "முழு ஆர்கன் இசை" என்றாலும் இன்று பாக் பேரில் இருக்கும் எல்லாம் அதில் இருக்காது. யேல் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்து 1985இல் வெளியான நோய்மைஸ்டர் தொகுப்புப் பாடல்களை, 1971இல் முடிந்த ஒரு சுற்றில் தேடுவது வீண்.

3. முதல் ஒரு மாதம் காசு கொடுக்காமல் கேளுங்கள்

இரண்டு சுற்றுகளும் ஸ்ட்ரீமிங் தளங்களில் கிடைக்கின்றன. கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரி பாருங்கள்.

ஒன்று, இடைவெளி இல்லாமல் இசைக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், தேவாலயத்தின் எதிரொலி அடங்குவதற்குள் கத்தரி விழும்.

இரண்டு, தளங்கள் இரண்டு சுற்றையும் கலந்து போட்டிருக்கும். ஆல்பத்தின் வெளியீட்டு ஆண்டு மறுவெளியீட்டு ஆண்டாகத்தான் இருக்கும். "2005" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், 1950இல் பதிவானதாக இருக்கலாம். ஹெட்போனில் கேட்டால் மோனோ நட்டநடு மண்டைக்குள் நிற்கும். ஸ்டீரியோ இரண்டு காதுக்கும் நடுவில் அகலமாகப் பரவும். பத்து வினாடி போதும் கண்டுபிடிக்க.

மூன்று, மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பிடபிள்யூவி 582 என்ற எண்ணுள்ள பாசகாலியாவைப் போட்டுப் பாருங்கள். பிடபிள்யூவி என்பது பாக் படைப்புகளின் பட்டியல் எண், பாசகாலியா என்பது திரும்பத் திரும்ப வரும் ஒரு மூலக்கருவின் மேல் கட்டிய இசை. எட்டு மாத்திரைக்கட்டு நீளமுள்ள அதன் மூலக்கருவை முதலில் கால்கள் மட்டும் தனியாக வாசிக்கும், ஆர்கனில் காலால் மிதிக்கும் கட்டைகளும் உண்டு. பதினாறடிக் குழாயின் அடிச்சுரம் ஏறக்குறைய 33 ஹெர்ட்ஸ். மொபைலில் அந்த ஒலி வரவே வராது. ஏதோ தூரத்தில் யாரோ முனகுவது போல இருக்கும், பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்று நினைப்பீர்கள். சுமாரான ஹெட்போன் இருந்தால்கூட அதே இடத்தில் தரையிலிருந்து ஒன்று எழுந்து வரும்.

4. அட்டையைப் படிக்கப் பழகுங்கள்

எல்பி வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் இது. சிடி போதும் என்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

பழைய ஆர்கிவ் எல்பிகளின் அட்டையில் படமே இருக்காது. வெளிர் நிற அட்டையில் எழுத்துகள் மட்டும். மேலே "ஆய்வுப் பகுதி" என்று ரோமன் எண் ஒன்று போட்டிருக்கும், பாக்கிற்கு ஒன்பது. பதிவு எண்ணுக்கு முன்னால் ஏபிஎம் என்ற எழுத்துகள் இருந்தால் மோனோ. எஸ்ஏபிஎம் என்று இருந்து எண் 198இல் தொடங்கினால் ஸ்டீரியோ.

இங்கே கவனம் தேவை. ஸ்டீரியோவில் பதிவானவற்றை அந்தக் காலத்தில் மோனோ தட்டாகவும் விற்றார்கள். ஆகவே ஏபிஎம் என்று பார்த்ததும் 1952க்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊரைப் பாருங்கள். ஆல்க்மார் என்று போட்டிருந்தால் அது இரண்டாம் சுற்றின் மோனோ வடிவம்.

ஆரம்பகாலத் தட்டுகளின் உள்ளே ஒரு சிறு அட்டை வைத்திருப்பார்கள், நூலக அட்டவணை அட்டை மாதிரி. எந்த நாளில், எந்தத் தேவாலயத்தில், எந்த வாத்தியத்தில் பதிவு நடந்தது என்று அதில் அச்சாகியிருக்கும். தட்டோடு அந்த அட்டை இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இதைவிட உறுதியான ஆவணம் வேறில்லை. என்னிடம் உள்ள ஒன்றில் முந்தைய உரிமையாளர் பென்சிலால் தான் கேட்ட தேதிகளை எழுதி வைத்திருக்கிறார். கடைசித் தேதி ஒரு கிறிஸ்துமஸ்.

தரம்: டிஸ்காக்ஸ் போன்ற, பழைய தட்டு விற்கும் இணையதளங்களில் விஜி என்ற தரக்குறி இருந்தால் ஆர்கன் தட்டை வாங்காதீர்கள். ராக் இசையில் கீறல் சத்தம் அமுங்கிப்போகும். ஒற்றைக் குழாய் மெதுவாக ஊதும் இடத்தில் ஒவ்வொரு கீறலும் பட்டாசு மாதிரி கேட்கும். விஜி பிளஸ்தான் குறைந்தபட்சம்.

5. விலை, அஞ்சல், சுங்கம்

ஒற்றை எல்பிகள் எனக்குப் பத்து யூரோவுக்குள் கிடைத்தன. ஜெர்மனியிலிருந்து அவற்றை அனுப்பும் செலவு தட்டு விலையைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றாக வாங்காமல் ஒரே விற்பனையாளரிடம் நான்கைந்து சேர்த்து வாங்குங்கள். ஸ்டீரியோ சுற்றின் பழைய சிடி பெட்டியில் 12 தட்டுகள். ஆர்கிவுக்கு அவர் பதிவு செய்ததை எல்லாம் சேர்த்து 2021இல் 32 சிடி கொண்ட பெட்டி ஒன்றும் வந்தது. கனம், விலை, வரி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால், முதல் வாங்கலுக்கு 12 தட்டுப் பெட்டியே சரி.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: சுங்க வரி பொருள் விலைக்கு மட்டும் இல்லை. அஞ்சல் செலவையும் சேர்த்த தொகைக்குத்தான் கணக்கு. "பரிசு என்று எழுதி அனுப்புகிறேன்" என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரோடு போய்விட்டது. பொய் விலை எழுதினால் வழியில் தொலைந்தாலும் அந்தப் பொய் விலைதான் திரும்ப வரும். பொருளின் விலை அளவுக்கு இன்னொரு தொகையை அஞ்சலுக்கும் வரிக்குமாக ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குங்கள். மிச்சமானால் நல்லது.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: விற்பனை ரசீது, பணம் செலுத்தியதற்கான சான்று, ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். என் பார்சல் ஆறு வாரம் நின்றதற்குக் காரணம், ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஆவணம் கேட்டு வந்த மின்னஞ்சல் விளம்பரக் குப்பையோடு சேர்ந்து கிடந்ததை நான் பார்க்கவும் இல்லை. பார்சல் நாட்டுக்குள் வந்ததாகக் காட்டியதும் தினம் ஒருமுறை அந்தக் குப்பை மின்னஞ்சல் பகுதியைத் திறந்து பாருங்கள். தாமதமாகும் நாட்களுக்குக் கிடங்கு வாடகையும் ஏறும்.

6. எந்த வரிசையில் கேட்பது

டி மைனர் டொக்காட்டாவில், அதாவது பிடபிள்யூவி 565இல் தொடங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வால்காவிடம் போவதற்கு அது சரியான வாசல் இல்லை என்பது என் எண்ணம். டிரியோ சொனாட்டாவில் தொடங்குங்கள், எண்கள் 525 முதல் 530 வரை. வலது கைக்கு ஒரு குரல், இடது கைக்கு ஒரு குரல், கால்களுக்கு ஒரு குரல். மூன்றே மூன்று. ஒரு கை சொன்னதை மற்றது எடுத்துக்கொள்ளும், கால்கள் கீழே நடந்துகொண்டே இருக்கும். முதல் தடவை வலது கையை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை இடது கை, மூன்றாவது தடவை கால்கள். பார்வையில்லாத அந்த மனிதர் பாடம் செய்ததும் அப்படித்தானே.

அது பழகியதும் பாசகாலியா. அப்புறம் ஸ்ட்ராஸ்பூரில் வாசித்த 'ஆர்கன் சிறுநூல்', 599 முதல் 644 வரை. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம்தான், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து கேட்கலாம். 'ஃபியூகின் கலை'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாக் முடிக்காமல் விட்ட அதன் கடைசி ஃபியூகுக்கு வால்கா தானே ஒரு முடிவு எழுதி வாசித்திருக்கிறார். பட்டியலில் அது இரண்டு முறை வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

7. நேரில் போகிறவர்களுக்கு: விசா

நான்கு ஆர்கன்களும் இன்றும் ஒலிக்கின்றன. மூன்று நாடுகள், ஒரே ஷெங்கன் விசா. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு வேண்டும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். விமானம் எங்கே இறங்குகிறது என்பதை வைத்து இல்லை, எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்கள் என்பதை வைத்து. லூபெக், கப்பெல், ஃபிராங்க்ஃபர்ட் மூன்றும் ஜெர்மனியில் இருப்பதால் பெரும்பாலோருக்கு ஜெர்மனிதான். நாட்கள் சமமாக வந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் திரும்பி வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குள் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகலாம். அதைவிட, கோடைக்கு முன் மையத்தில் நாள் கிடைப்பதே பெரும்பாடு. ஜூலைப் பயணம் என்றால் பிப்ரவரியிலேயே நாள் தேடத் தொடங்குங்கள்.

பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கியதாக, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகும்படி, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வேலையிடத்து விடுமுறைக் கடிதம், தங்குமிடப் பதிவு, விமான முன்பதிவு. இவற்றோடு நான் ஒரு பக்கத்தில் எந்த நாளில் எந்தத் தேவாலயம், என்ன கச்சேரி என்று எழுதி, கச்சேரி அட்டவணையின் அச்சையும் வைத்தேன். எதற்குப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு அதுவே பதிலாகிவிட்டது.

8. ஊர் ஊராக

ஆல்க்மார்: ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள். லாரன்ஸ் தேவாலயத்தில் இரண்டு பழைய ஆர்கன்கள் உண்டு. வால்கா வாசித்தது பெரியது, ஹாகர்பேர் குடும்பம் கட்டி ஃபிரான்ஸ் காஸ்பர் ஷ்னிட்கர் 1725இல் மாற்றியமைத்தது. சின்னது 1511இல் கட்டியது, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். பெரியதை 1980களில் முழுமையாகச் சீரமைத்தார்கள். தட்டில் கேட்ட ஒலி அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோடையில் வெள்ளிக்கிழமை பாலாடைக்கட்டிச் சந்தை நடக்கும். அன்று அறை விலை ஏறும், தெருவில் நடக்க முடியாது.

லூபெக்: வால்கா வாசித்தது யாகோபி தேவாலயத்தில் நுழைந்ததும் கண்ணில் படும் மேற்குப் பக்கத்துப் பெரிய ஆர்கன் இல்லை. பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஸ்டெல்வாகன் ஆர்கன். 1947இல் ஆர்கிவின் கதை தொடங்கியதே அதில்தான்.

கப்பெல்: சிரமமான ஊர். பிரெமர்ஹாஃபனுக்கும் குக்ஸ்ஹாஃபனுக்கும் நடுவே ஓடும் உள்ளூர் ரயிலில் டோரும் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை நம்ப முடியாது. தேவாலயம் எப்போதும் திறந்திருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆறு வாரம் முன்பே திருச்சபை அலுவலகத்துக்கு ஜெர்மன் மொழியில் நாலு வரி எழுதுங்கள்: யார், எந்த நாள், எத்தனை பேர், வால்காவின் பதிவைக் கேட்டு வருகிறேன் என்று. ஜெர்மனிக்குள் உள்ளூர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே மாத டிக்கெட் உண்டு. 2025இல் 58 யூரோ, 2026 முதல் 63. ஆனால் அது சந்தா. மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அதிவேக ரயிலில் செல்லாது.

ஸ்ட்ராஸ்பூர்: சேன் பியர் லெ ஜெயூன் என்ற பெயரில் இரண்டு தேவாலயங்கள் இருக்கின்றன. ஒன்று கத்தோலிக்கம், பெரிய கும்மட்டம் வைத்தது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. மேப்பில் நான் தட்டியதும் அதுதான் முதலில் வந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றேன். உங்களுக்கு வேண்டியது பழைய நகரத்துக்குள் இருக்கும் இடைக்காலத்துப் புரொட்டஸ்டன்ட் தேவாலயம். சில்பர்மான் 1780இல் கட்டிய ஆர்கன் அங்கேதான். முகவரியில் "புரொட்டஸ்டன்ட்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே போனால் ஆர்கனுக்கு நேர் அடியில் உட்காராதீர்கள், நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி உட்காருங்கள். ஜூலையாக இருந்தாலும் பையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். அந்தக் கற்சுவர்களுக்குள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் குளிர் முதலில் காலில்தான் ஏறும்.